அளவு மேல இருந்து, கிழமை கீழ இருந்து: 2022 வறட்சியில தெற்கு கலிபோர்னியாவோட தண்ணி கட்டுப்பாடு

2022 ஏப்ரல் 26ஆம் தேதி, தெற்கு கலிபோர்னியாவுக்கு மொத்தமா தண்ணி விக்கற மெட்ரோபாலிட்டன் வாட்டர் டிஸ்ட்ரிக்ட் ஆஃப் சதர்ன் கலிபோர்னியாவோட போர்டு ஒரு அவசர நிலைமை தீர்மானம் போட்டுச்சு. ஜூன் 1ல இருந்து சுமார் 60 லட்சம் பேர் இருக்கற பகுதிக்கு இது பொருந்தும். ஒண்ணு, வெளியில தோட்டத்துக்கு தண்ணி விடறது வாரத்துக்கு ஒரே ஒரு நாள்தான். இல்லன்னா, மாசத்துக்கு இவ்வளவுதான்னு நாங்க குடுக்கற அளவுக்குள்ள நீங்க எப்படியாவது ஓட்டிக்கோங்க, எப்படின்னு கேக்க மாட்டோம், ஆனா தாண்டினா ஏக்கர்-அடிக்கு, அதாவது சுமார் 12 லட்சம் லிட்டருக்கு, 2,000 டாலர் அபராதம். ரெண்டுல எது வேணும்னு அந்தந்த ஏஜென்சியே முடிவு பண்ணிக்கலாம். வறட்சி நேரத்துல மொத்தமா தண்ணி விக்கற சப்ளையரும் அதை வாங்கி வீட்டுக்கு விடற நகரமும் எப்படி சேர்ந்து வேலை பாக்கணும்னு யாராவது கேட்டா, நான் முதல்ல காட்டறது இந்த ரெண்டு வழி தீர்மானத்தைத்தான், ஏன்னா இதுல நல்லா நடந்ததும் இருக்கு, சறுக்கினதும் இருக்கு, ரெண்டுமே தெளிவா தெரியுது.

முதல்ல யார் யாருக்கு விக்கறாங்கன்னு சொல்லிடறேன், இது புரியலன்னா மீதி எதுவும் புரியாது. மெட்ரோபாலிட்டன் 1928ல உருவானது. அதுக்கு 26 மெம்பர் ஏஜென்சிங்க, 6 கவுண்டி, மொத்தம் 1 கோடியே 90 லட்சம் பேர். ஆனா அந்த 1 கோடியே 90 லட்சம் பேர்ல ஒருத்தர் வீட்டுக்கும் மெட்ரோபாலிட்டன் நேரா பில் அனுப்பறதில்ல. பெரிய பைப்ல கொண்டுவந்து மெம்பர் ஏஜென்சியோட வாசல்ல இருக்கற மீட்டர்ல குடுத்துடும், அவ்வளவுதான். லாஸ் ஏஞ்சலஸ் மாதிரி சில மெம்பருங்க நேரா வீட்டுக்கு விடறவங்க. வென்ச்சுரா கவுண்டியில இருக்கற கயேகஸ் மாதிரி சிலர் அவங்களே இன்னொரு மொத்த வியாபாரி, சிமி வேலி, கமரியோ, தவுசண்ட் ஓக்ஸ்னு கீழ இருக்கற சப்ளையருங்களுக்கு விப்பாங்க, தவுசண்ட் ஓக்ஸ் ஊர்லயோ வீட்டுக்கு தண்ணி விடறது நகராட்சி ஒண்ணும் பிரைவேட் கம்பெனி ரெண்டும். அப்போ மெட்ரோபாலிட்டன் போர்டுல ஒரு முடிவு எடுத்தா அது ஒரு வீட்டு ஸ்பிரிங்க்ளர் டைமர்ல போய் சேர மூணு படி இறங்கணும், ஒவ்வொரு படியிலயும் ஒரு போர்டு, ஒரு சட்டம், ஒரு வக்கீல், ஒரு பில்லிங் சாஃப்ட்வேர். மேல இருக்கறவங்ககிட்ட தண்ணி இருக்கு, வீட்டுக்காரர் மேல அதிகாரம் இல்ல. கீழ இருக்கறவங்ககிட்ட அதிகாரம் இருக்கு, தண்ணி இல்ல. ஒருங்கிணைப்புன்னு நாம சொல்றது முழுக்க இந்த இடைவெளியைப் பத்திதான்.

ஏன் 60 லட்சம் பேருக்கு மட்டும்?

மெட்ரோபாலிட்டனுக்கு ரெண்டு பக்கம் இருந்து தண்ணி வருது. கிழக்குல இருந்து கொலராடோ ஆத்து தண்ணி, 242 மைல் கால்வாய், 1941ல இருந்து ஓடுது. வடக்குல இருந்து ஸ்டேட் வாட்டர் ப்ராஜெக்ட், அதாவது மாநில அரசோட டிபார்ட்மெண்ட் ஆஃப் வாட்டர் ரிசோர்சஸ் நடத்தற சிஸ்டம், வடக்கு மலைப் பனியும் மழையும் டெல்டா வழியா 444 மைல் கலிபோர்னியா அக்விடக்ட்ங்கற கால்வாய்ல தெக்க வருது. இதுல முக்கியமா கவனிக்க வேண்டியது, மெட்ரோபாலிட்டனே இங்க ஒரு வாங்கற பார்ட்டிதான். மாநிலம் ஒவ்வொரு வருஷமும் டிசம்பர் 1 வாக்குல ஒரு சதவீதம் அறிவிக்கும், நீங்க கேட்டதுல இவ்வளவு தருவோம்னு, அப்புறம் குளிர்காலம் முழுக்க அதை ஏத்தி இறக்கிட்டே இருக்கும்.

2020ல கடைசியா கிடைச்சது 20%. 2021ல 5%. 2021 டிசம்பர் 1ல 2022க்கு அறிவிச்சது 0%, குடிக்க, குளிக்க, சுகாதாரத்துக்கு வேணுங்கற அவசிய தண்ணி மட்டும் தனியா தரோம்னாங்க. டிசம்பர்ல நல்லா பனி விழுந்துச்சு, ஜனவரியில 15%னு ஏத்தினாங்க, எல்லாரும் கொஞ்சம் மூச்சு விட்டாங்க. அப்புறம் ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மூணு மாசமும் கலிபோர்னியா வரலாத்துலயே அவ்வளவு வறண்ட ஆரம்பம் கிடையாதுங்கற அளவுக்கு காஞ்சு போச்சு. மார்ச் 18ல 15%ஐ திரும்ப 5%க்கு இறக்கிட்டாங்க. மழைக்காலம் முடியற நேரத்துல இறக்கினா என்ன அர்த்தம், இனி வர்றதுக்கு எதுவும் இல்ல, கோடை மொத்தமும் முன்னாடி நிக்குது. அந்த மார்ச் 18க்கும் ஏப்ரல் 26க்கும் நடுவுல 39 நாள், ஏப்ரல் 26க்கும் ஜூன் 1க்கும் நடுவுல இன்னொரு 36 நாள். மெட்ரோபாலிட்டன் போர்டு ஓட்டு போட்டது முதல் 39 நாள்ல, மெம்பருங்க தங்களோட சட்டத்தை மாத்தி, ஜனங்களுக்கு சொல்லி, ரோந்து ஆளுங்களை ரெடி பண்ணினது ரெண்டாவது 36 நாள்ல. இந்த வேகம் சாதாரணம் இல்ல, அவங்களைப் பாராட்டணும், அதே சமயம் இவ்வளவு நெருக்கடியில எழுதற எந்த விதியிலயும் ஓட்டை இருக்கும்ங்கறதும் உண்மை.

இன்னொரு விஷயம் பலருக்கு அப்ப புரியல. மெட்ரோபாலிட்டன்கிட்ட தண்ணி மொத்தமா தீந்து போகல. 2021 ஆரம்பத்துல அவங்க சேமிப்புல 32 லட்சம் ஏக்கர்-அடி இருந்துச்சு, அதுவரை இல்லாத அளவு. ஒரு ஏக்கர்-அடின்னா சுமார் 3,26,000 கேலன், 12 லட்சம் லிட்டருக்கு மேல. டயமண்ட் வேலி லேக்னு ஹெமெட் பக்கத்துல ஒரு ஏரி, அது மட்டுமே 8,10,000 ஏக்கர்-அடி பிடிக்கும். பிரச்சினை என்னன்னா சேமிப்புல பெரும் பங்கை சில பகுதிக்கு கொண்டுபோய் சேக்க பைப்பும் பம்ப்பும் இல்ல. மேற்குல கயேகஸ், லாஸ் விர்ஜினஸ், லாஸ் ஏஞ்சலஸோட சில ஜோன்கள், கிழக்குல இன்லண்ட் எம்பயர், த்ரீ வேலீஸ், அப்பர் சான் கேப்ரியல் பகுதிகள், இதுங்களோட குழாய் எல்லாம் வடக்கு தண்ணியை எதிர்பார்த்து கட்டினது. வடக்கு தண்ணி எப்பவும் வரும்னு நம்பி பல பத்து வருஷத்துக்கு முன்னாடி போட்ட டிசைன். பக்கத்து ஊர்ல கொலராடோ தண்ணி ஓடும், இங்க வராது. சன் வேலியில இருக்கற க்ரெக் அவென்யூ பம்ப் ஸ்டேஷன் மாதிரி இடங்களை வச்சு கொலராடோ தண்ணியை கொஞ்சம் மேற்கே தள்ளினாங்க, ஆனா அது முழு ஓட்டையை அடைக்கற அளவு இல்ல.

இதனாலதான் பழைய ஏற்பாடு இங்க செல்லாம போச்சு. 2008ல இருந்தே மெட்ரோபாலிட்டன்கிட்ட ஒரு அலோகேஷன் பிளான், அதாவது தட்டுப்பாட்டுல தண்ணியை பங்கிடற திட்டம் இருந்துச்சு, 2009லயும் 2015லயும் அதைத்தான் எடுத்தாங்க, மொத்த 26 மெம்பருக்கும் ஒரே லெவல்ல வெட்டு விழும். 2022ல அப்படி வெட்டினா சான் டியாகோவுல மிச்சமாகற கொலராடோ தண்ணி லாஸ் விர்ஜினஸ் பகுதியில இருக்கற கலபாசஸ் ஊருக்கு போய் சேராது, சும்மா கணக்குல மட்டும் சமத்துவம் இருக்கும். எல்லாருக்கும் ஒரே மாதிரி வெட்டுங்கறது கேக்க நியாயமா இருக்கு, பைப்பு அதை ஒத்துக்கல. அதனால 6 மெம்பருக்கு மட்டும்னு புதுசா ஒரு அவசர திட்டம் எழுத வேண்டி வந்துச்சு.

ரெண்டு வழியும் அதுல இருக்கற அறிவும்

மெட்ரோபாலிட்டன் 'எல்லாரும் வாரத்துக்கு ஒரு நாள்தான்'னு மட்டும் சொல்லி நிறுத்தியிருக்கலாம். டிவியில சொல்றதுக்கும் அதுதான் சுலபம். ஆனா லாஸ் ஏஞ்சலஸ் நிலைமை வேற. அவங்ககிட்ட 1913ல இருந்து ஓவன்ஸ் வேலியில இருந்து வர்ற சொந்த அக்விடக்ட் இருக்கு, சான் ஃபெர்னாண்டோ வேலிக்கு கீழ நிலத்தடி நீர் இருக்கு, 2010ல இருந்தே வாரத்துக்கு மூணு நாள்தான் தண்ணி விடலாம்னு சட்டம் இருக்கு, ஏற்கெனவே நிறைய மிச்சம் பிடிச்ச ஊர். இன்லண்ட் எம்பயர் பகுதிக்கு சினோ பேசின் நிலத்தடி நீர் இருக்கு, வடக்கு தண்ணியை குறைச்சுட்டு போர்வெல்ல இருந்து எடுக்கலாம். லாஸ் விர்ஜினஸுக்கோ இது எதுவும் இல்ல, குடிதண்ணி முழுக்க வெளியில இருந்து வாங்கறதுதான், அதுவும் வடக்குல இருந்து. இந்த மூணு பேருக்கும் ஒரே கிழமை விதி போட்டா ஒருத்தருக்கு அது அனாவசியம், இன்னொருத்தருக்கு அது பத்தாது.

அதனால போட்ட விதியோட அடிப்படை என்னன்னா, சப்ளையருக்கு நிஜமா வேண்டியது எத்தனை ஏக்கர்-அடி குறையணும்ங்கறதுதான், எந்த வீட்ல எந்த கிழமை ஸ்பிரிங்க்ளர் ஓடுதுங்கறது அவருக்கு சம்பந்தம் இல்லாத விஷயம். கிழமை நகரத்தோட வேலை. நகரத்துக்குத்தான் தெரியும் எந்த ஜோன்ல பிரஷர் எப்படி, எந்த தெருவுல எத்தனை மணிக்கு டேங்க் காலியாகுது, எந்த பகுதியில வாடகை வீடு அதிகம், எந்த மொழியில நோட்டீஸ் அடிக்கணும்னு. இந்த கேஸ்ல இருந்து ஒண்ணே ஒண்ணு எடுத்துட்டு போகணும்னா அது இதுதான்: அளவை மேல இருக்கறவங்க சொல்லணும், வழியை கீழ இருக்கறவங்க முடிவு பண்ணணும், நடுவுல இருக்கற அந்த வாசல் மீட்டரை ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பாக்கணும்.

லாஸ் ஏஞ்சலஸ் அளவு வழியை எடுத்துச்சு. மே 10ல அப்போதைய மேயர் எரிக் கார்செட்டி அறிவிச்சாரு, மூணு நாள் ரெண்டு நாளா குறையுது, நகரத்தோட சட்டத்துல இருக்கற ஃபேஸ் 3, அதாவது மூணாவது கட்டம். ஒற்றைப்படை கதவு எண் இருக்கற வீட்டுக்கு திங்கள், வெள்ளி. இரட்டைப்படைக்கு வியாழன், ஞாயிறு. காலையில 9க்கு முன்னாடி, இல்ல சாயங்காலம் 4க்கு அப்புறம், சாதாரண ஸ்பிரே ஹெட்னா ஒரு ஸ்டேஷனுக்கு, அதாவது சேர்ந்து ஓடற ஒரு ஸ்பிரிங்க்ளர் வரிசைக்கு, 8 நிமிஷம். பக்கத்து ஏஜென்சியில ஒரு நாள், நம்ம ஊர்ல ரெண்டு நாளான்னு கேள்வி வந்துச்சு, நியாயமான கேள்விதான், ஆனா பதில் மீட்டர்ல வந்துச்சு. ஜூன்ல நகரத்தோட தண்ணி உபயோகம் போன வருஷ ஜூனை விட 9% குறைஞ்சுது, ஜூலையில 11%.

இந்த ஒற்றை இரட்டை பிரிப்பை சும்மா ஒரு நிர்வாக வசதின்னு நினைக்காதீங்க, அதுக்கு பின்னாடி வலிச்ச ஒரு அனுபவம் இருக்கு. 2009 ஜூன் 1ல லாஸ் ஏஞ்சலஸ் ஒரு கட்டுப்பாடு போட்டுச்சு, ஊர் மொத்தமும் திங்களும் வியாழனும் மட்டும்தான் ஸ்பிரிங்க்ளர் போடலாம்னு. தண்ணி மிச்சமாச்சு. ஆனா அந்த கோடைக் கடைசியில ஊர்ல மெயின் பைப்பு ஒண்ணு மாத்தி ஒண்ணா வெடிக்க ஆரம்பிச்சுது. செப்டம்பர்ல ஸ்டூடியோ சிட்டியில கோல்ட்வாட்டர் கேன்யன் பக்கம் ஒரு பெரிய பழைய டிரங்க் லைன் வெடிச்சு தெருவெல்லாம் சேறு, சில நாள்ல வேலி வில்லேஜ்ல பைப் உடைஞ்ச பள்ளத்துக்குள்ள ஒரு ஃபயர் இன்ஜினே முன்பக்கமா இறங்கிடுச்சு. தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்து சிவில் இன்ஜினியரிங் பேராசிரியர் ஜான்-பியர் பார்டே தலைமையில ஒரு நிபுணர் குழு ஆராய்ஞ்சு 2010ல சொன்னது: பழைய வார்ப்பிரும்பு பைப் அரிச்சு போயிருந்தது அடிப்படை காரணம், அதுக்கு மேல எல்லாரும் ஒரே ரெண்டு நாள்ல தண்ணி விட்டதால அந்த நாள்ல பிரஷர் இறங்கி மத்த நாள்ல ஏறி, திரும்ப இறங்கி ஏறி, இந்த ஆட்டம் பலவீனமான பைப்பை உடைச்சிருக்கு. அதுக்கப்புறம்தான் 2010ல மூணு நாளா மாத்தி ஒற்றை எண்ணுக்கு ஒரு கிழமை, இரட்டை எண்ணுக்கு வேற கிழமைன்னு பிரிச்சாங்க.

இப்ப யோசிச்சு பாருங்க, 2022ல மெட்ரோபாலிட்டன் '60 லட்சம் பேரும் சனிக்கிழமை'ன்னு ஒரே கிழமையை மேல இருந்து திணிச்சிருந்தா என்ன ஆகியிருக்கும். மொத்த சப்ளையரோட ஆபீஸ்ல இருந்து பாத்தா அது சுத்தமான, சுலபமான விதி. கீழ நூறு வருஷ பைப்போட இருக்கற நகரத்துக்கு அது ஆபத்து. இந்த மாதிரி அறிவு நகரத்தோட ஆபரேஷன்ஸ் ஆளுங்க தலையிலதான் இருக்கும், ஒப்பந்த பேப்பர்ல இருக்காது. அதனால கட்டுப்பாடு எழுதற மேஜையில ரெண்டு பக்கத்து வக்கீலும் பப்ளிக் ரிலேஷன்ஸும் உக்காந்தா பத்தாது, பிரஷர் ஜோன் பாக்கற ஆளும் உக்காரணும்னு நான் அழுத்தமா சொல்வேன்.

லாஸ் விர்ஜினஸ் பக்கம் கதை வேற மாதிரி போச்சு. கலபாசஸ், அகோரா ஹில்ஸ், ஹிடன் ஹில்ஸ், வெஸ்ட்லேக் வில்லேஜ்னு 70,000 பேருக்கு கொஞ்சம் மேல, பெரிய பெரிய மனை, உபயோகத்துல சுமார் 70% வெளியில தோட்டத்துக்கு போற ஊர். அவங்க ஒரு நாள் வழியை எடுத்தாங்க. ஆனா வசதியானவங்களுக்கு அபராதம்ங்கறது பில்லுல இன்னொரு வரி, கட்டிட்டு தண்ணியை விட்டுட்டே இருந்தாங்க சிலர். அதனால டிஸ்ட்ரிக்ட் ஃப்ளோ ரெஸ்ட்ரிக்டர் மாட்ட ஆரம்பிச்சுது. மீட்டர் கிட்ட வைக்கற ஒரு சின்ன வட்டத் தகடு, நடுவுல சின்ன ஓட்டை, நிமிஷத்துக்கு ஒரு கேலன் மாதிரிதான் வரும். குடிக்கலாம், மெதுவா குளிக்கலாம், ஸ்பிரிங்க்ளர் ஓடாது. தனக்கு குடுத்த பட்ஜெட்ல 150%ஐ, அதாவது ஒண்ணரை மடங்கை தாண்டி திரும்ப திரும்ப உபயோகிச்சவங்க வீட்லதான் மாட்டினாங்க. இதை அவங்களால செய்ய முடிஞ்சதுக்கு காரணம், ஒவ்வொரு வீட்டுக்கும் எவ்வளவு நியாயம்னு ஒரு வாட்டர் பட்ஜெட் முன்னாடியே பில்லிங்ல இருந்துச்சு. வறட்சி வந்தப்பறம் அதை புதுசா உருவாக்க உக்காந்திருந்தா கோடை முடிஞ்சிருக்கும்.

அபராதக் கணக்கை கொஞ்சம் பிரிச்சு பாக்கலாம். அந்த வருஷம் மெட்ரோபாலிட்டன் சுத்திகரிச்ச தண்ணியோட சாதாரண விலை ஏக்கர்-அடிக்கு 1,143 டாலர். அதுக்கு மேல 2,000 டாலர் அபராதம்னா ஏஜென்சி பட்ஜெட்டுக்கு அது பெரிய அடி. ஆனா வீட்டு பில்லுல ஒரு யூனிட் 748 கேலன், ஒரு ஏக்கர்-அடியில 435 யூனிட் சொச்சம், அப்போ 2,000 டாலரை வகுத்தா ஒரு யூனிட்டுக்கு 4 டாலர் 60 சென்ட் பக்கம்தான் வருது. பெரிய பங்களாவுல இருக்கறவர் அதை கவனிக்கக்கூட மாட்டார். நான் இதை குறையா சொல்லல, ஏஜென்சியை அசைக்கறதுக்கு அந்த அபராதம் சரியான கருவி, அசைஞ்ச ஏஜென்சி வீட்டுக்காரரை அசைக்க தனி கருவி வச்சிருக்கணும், அது லாஸ் விர்ஜினஸ்ல தகடா இருந்துச்சு, வேற ஊர்ல பட்ஜெட்டை தாண்டினா ஏறற ரேட்டா இருக்கலாம். மேல இருந்து வர்ற அபராதத்தை அப்படியே பில்லுல சேத்துட்டு கடமை முடிஞ்சுதுன்னு ஒரு நகரம் நினைச்சா அங்க தண்ணி குறையாது.

சறுக்கின இடம்

ஜனங்களுக்கு சொன்ன விதத்துலதான் எனக்கு உண்மையான வருத்தம். லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி முழுக்க ஒரே டிவி, ஒரே ரேடியோ. ஒரே நியூஸ்ல ஒரு ஏஜென்சிக்கு ஒரு நாள், நகரத்துக்கு ரெண்டு நாள், கொலராடோ தண்ணி வாங்கற பக்கத்து ஊருக்கு இந்த அவசர விதியே இல்ல. இதோட மாநிலமும் சேந்துச்சு. கவர்னர் கேவின் நியூசம் மார்ச் 28ல போட்ட உத்தரவைத் தொடர்ந்து மாநில வாட்டர் போர்டு மே 24ல ஒரு விதி கொண்டுவந்து ஜூன் 10ல இருந்து எல்லா நகர சப்ளையரும் தங்களோட வறட்சி பிளான்ல லெவல் 2க்கு போகணும்னுச்சு, அதாவது 20% வரைக்குமான தட்டுப்பாட்டுக்கு வச்சிருக்கற நடவடிக்கை, கூடவே கம்பெனி, ஆபீஸ் வாசல்ல சும்மா அழகுக்கு இருக்கற புல்லுக்கு குடிதண்ணி விடக் கூடாது. மாநிலம் லெவல்ங்குது, லாஸ் ஏஞ்சலஸ் ஃபேஸ்ங்குது, மெட்ரோபாலிட்டன் வழின்னு சொல்லுது. மாநிலச் சட்டத்துல 10, 20, 30, 40, 50, அதுக்கும் மேலன்னு ஆறு படி இருக்கு, நகரத்தோட ஃபேஸ் எண் அந்த ஆறு படியோட ஒண்ணுக்கு ஒண்ணு பொருந்தாது. ஒரு வீட்டுக்காரர் ஜூன் முதல் ரெண்டு வாரத்துல மூணு அரசாங்கத்துகிட்ட இருந்து மூணு எண் கேட்டாரு. அவர் குழம்பினா அது அவர் தப்பு இல்ல.

அப்புறம் செப்டம்பர். அப்பர் ஃபீடர்னு 36 மைல் பைப், லேக் மேத்யூஸ்ல இருந்து கொலராடோ தண்ணியை லா வெர்ன் ஊர்ல இருக்கற வேமவுத் சுத்திகரிப்பு நிலையத்துக்கு கொண்டுவர்றது, அதுல முன்னாடியே கசிவு கண்டுபிடிச்சு தற்காலிகமா அடைச்சு பிரஷர் குறைச்சு ஓட்டிட்டு இருந்தாங்க. நிரந்தரமா சரி பண்ண செப்டம்பர் 6ல இருந்து 20 வரை 15 நாள் மூடணும். அந்த 15 நாளும் பர்பேங்க், பாசடீனா, டோரன்ஸ், லாங் பீச் உட்பட 40 லட்சம் பேருக்கு மேல வெளியில தண்ணி விடவே கூடாது. கவனிங்க, இவங்கள்ல பெரும்பாலானவங்க ஜூன் விதியில இல்லாதவங்க, அதாவது இது வரைக்கும் 'உங்களுக்கு பிரச்சினை இல்ல'ன்னு கேட்டுட்டு இருந்தவங்க. செப்டம்பர் 6ங்கறது கலிபோர்னியா சரித்திரத்துலயே மின்சார தேவை உச்சத்தை தொட்ட நாள், 52,061 மெகாவாட், அப்படி ஒரு வெயில். கரண்டை குறைங்கன்னு ஒரு மெசேஜ், தண்ணி விடாதீங்கன்னு ஒரு மெசேஜ், ரெண்டும் ஒரே நாள்ல. இத்தனைக்கும் பைப்பை மூடாம தள்ளிப்போட வழி இல்லன்னுதான் நானும் நினைக்கறேன், வெடிச்சிருந்தா பாதிப்பு இன்னும் மோசமா இருந்திருக்கும். ஆனா ரிப்பேர் வேலையோட கேலண்டரும் வறட்சி கட்டுப்பாட்டோட கேலண்டரும் ஒரே பேப்பர்ல இருக்கணும், நகரம் அந்த பேப்பரை கோடைக்கு முன்னாடியே பாக்கணும். ஜனங்க பைப் ரிப்பேரையும் வறட்சியையும் தனித்தனியா பிரிச்சு பாக்க மாட்டாங்க, அவங்களுக்கு எல்லாமே தண்ணி இல்லங்கற ஒரே செய்திதான்.

ஏப்ரல்ல இன்னொரு எச்சரிக்கையும் இருந்துச்சு, நிலைமை தேறலன்னா செப்டம்பர் 1ல இருந்து வெளியில தண்ணி முழுத் தடைன்னு. அந்த தடை வரல, ஏன்னா மீட்டர் எண் இறங்கிட்டு இருந்துச்சு. இதை நான் ரொம்ப முக்கியமா பாக்கறேன். அடுத்த படி என்ன, அது எந்த தேதியில, எந்த எண்ணைப் பாத்து முடிவாகும்னு நாலு மாசம் முன்னாடியே வெளிப்படையா சொல்லி வச்சதால நகரங்களுக்கு தங்களோட ஜனங்ககிட்ட பேச ஒரு பிடி கிடைச்சுது. மரத்துக்கு கையால தண்ணி ஊத்தலாம்னு விலக்கு குடுத்ததும் நல்ல முடிவு, புல்லு செத்தா அடுத்த வருஷம் வரும், 40 வருஷ மரம் செத்தா வெயில்ல நிழலே இல்லாம போகும்.

வெளிய வர்றதும் ஒருங்கிணைப்புதான்

அந்த கோடையில கொலராடோ பக்கமும் நம்பிக்கை குறைஞ்சுது. ஜூலையில கொலராடோ ஆத்து தண்ணியை தேக்கற லேக் மீட் ஏரி 1937ல நிரம்பிட்டு இருந்த காலத்துக்கு அப்புறம் மிகக் குறைஞ்ச மட்டத்துக்கு இறங்கிடுச்சு. டிசம்பர் 13ல மெட்ரோபாலிட்டன் தெற்கு கலிபோர்னியா மொத்தத்துக்கும் வறட்சி அவசர நிலைன்னு அறிவிச்சு எல்லா மெம்பரையும் குறைக்கச் சொல்லுச்சு. ரெண்டு வாரம் கழிச்சு வானம் திறந்துச்சு. டிசம்பர் கடைசியில ஆரம்பிச்ச புயல் வரிசை ஜனவரி முழுக்க அடிச்சுது. மாநிலம் அறிவிக்கற அலோகேஷன் 5%ல இருந்து 2023 ஜனவரியில 30, பிப்ரவரியில 35, மார்ச் 24ல 75, ஏப்ரல் 20ல 100%. 2006க்கு அப்புறம் முதல் தடவை 100.

மெட்ரோபாலிட்டன் அவசர விதியை மார்ச் 14ல எடுத்துச்சு, அப்ப அலோகேஷன் 35%தான். நான் அந்த முடிவை சரின்னு நினைக்கறேன், ஏன்னா தெரு முழுக்க வெள்ளம் ஓடறப்ப வாரத்துக்கு ஒரு நாள்னு பிடிச்சு வச்சா அடுத்த வறட்சியில யாரும் நம்ப மாட்டாங்க. ஆனா மேல விதி போனா கீழ சட்டம் தானா போகாது. நகரத்தோட ஃபேஸ் நகரத்தோட சட்டத்துல நிக்குது, அதை இறக்க நகரம் தனியா உக்காந்து முடிவெடுக்கணும். மார்ச் 24ல கவர்னர் 20% நடவடிக்கையை கட்டாயம் இல்லன்னு எடுத்தாரு, அழகுப் புல் தடை மட்டும் தொடர்ந்துச்சு. அப்போ மறுபடியும் அதே மூணு படி, இந்த தடவை தளர்த்தறதுல. கட்டுப்பாடு போடறதுக்கு எவ்வளவு கூட்டம் போட்டாங்களோ அவ்வளவு கூட்டம் எடுக்கறதுக்கும் போடணும், பெரும்பாலான பிளான்ல இந்த பக்கம் ஒரு பத்தியில முடிஞ்சு போகுது.

இந்த கேஸை படிச்சுட்டு தங்களோட சப்ளையரோட ஒப்பந்தம் எழுத உக்காரற நகரத்துக்கு நான் என்ன சொல்வேன்னா, முதல்ல அடிப்படை வருஷம் எதுன்னு சண்டை போட்டு தீத்துடுங்க, வறட்சி வர்றதுக்கு முன்னாடியே. எந்த வருஷத்து உபயோகத்துல இருந்து 20% குறைக்கறதுங்கறதுலதான் பாதி விரோதம் பிறக்குது. முன்னாடியே புல்லை எடுத்துட்டு பழைய டாய்லெட்டை மாத்தி குறைச்ச ஊருக்கு இனி வெட்டறதுக்கு கொழுப்பு இல்ல, வீணடிச்ச ஊருக்கு நிறைய இருக்கு, ரெண்டு பேருக்கும் ஒரே சதவீதம் போட்டா மிச்சம் பிடிச்சவரை தண்டிக்கற மாதிரி ஆகும். தலைக்கு இத்தனை கேலன்னு போறது அதை விட நியாயம், 2022ல மெட்ரோபாலிட்டன் தலைக்கு நாளுக்கு 80 கேலன், அதாவது 300 லிட்டர் சொச்சம்னு பேசினது அந்த விதத்துல சரியான திசை. ரெண்டாவது, வாசல் மீட்டரோட ரீடிங் மாசக் கடைசியில பில்லோட வர்றது பத்தாது, நகரத்துக்கு அது நாள்தோறும் தெரியணும், 20ஆம் தேதியே நாம தாண்டப் போறோம்னு தெரிஞ்சாத்தான் மீதி 10 நாள்ல ஏதாவது செய்ய முடியும். மூணாவதா, யார் முதல்ல வாய் திறக்கறதுன்னு. சப்ளையர் பிரஸ் மீட்ல சொன்னதை நகர கவுன்சிலர் நியூஸ்ல பாத்து தெரிஞ்சுக்கிட்டா அந்த உறவு அங்கயே கெட்டுப்போச்சு.

அப்புறம் பைப்பு. எவ்வளவு நல்லா கட்டுப்பாடு எழுதினாலும் தண்ணி இருக்கற இடத்துல இருந்து இல்லாத இடத்துக்கு போக வழி இல்லன்னா, ஒரே சப்ளையர்கிட்ட ஒரே மாதிரி காசு கட்டற ரெண்டு ஊருக்கு ரெண்டு தலையெழுத்து. அந்த 6 மெம்பருங்களும் இதைத்தான் கோபமா கேட்டாங்க, கேட்டது நியாயம். 2022 ஆகஸ்ட்ல மெட்ரோபாலிட்டன் போர்டு எல்லா மெம்பருக்கும் சமமான நம்பகத்தன்மை குடுக்கறதா தீர்மானம் போட்டுச்சு. டயமண்ட் வேலி லேக் தண்ணியை ரியால்டோ பைப்லைன் பக்கம் கொண்டுபோக இணைப்புகள், மேற்கே தள்ள செபுல்வேடா ஃபீடர்ங்கற பெரிய பைப்புல பம்ப் ஸ்டேஷன்கள்னு வேலை எடுத்தாங்க. இதுக்கான செலவை எந்த மெம்பர் எவ்வளவு ஏத்துக்கறது, கொலராடோ தண்ணி ஏற்கெனவே கிடைக்கற ஊரும் இதுக்கு பங்கு குடுக்கணுமான்னு வர்ற விவாதம்தான் அடுத்த வறட்சிக்கான நிஜமான ஒருங்கிணைப்பு பேச்சு, அதை மழை நல்லா பெய்யற வருஷத்துலயே பேசி முடிக்கணும்.